தானியங்கி ஸ்னாப்ஷாட்: எத்தனை நேரத்துக்கு ஒன்று, எத்தனை நாளுக்கு?

கேள்வியின் சுருக்கம் இது. ஓர் அலுவலகத்தின் உபுண்டு சர்வரில் இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பு இருக்கிறது. லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சாம்பா மென்பொருள் வழியாக ஏறக்குறைய இருபது பேர் தங்கள் விண்டோஸ் கணினிகளிலிருந்து அதைப் பயன்படுத்துகிறார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (கோப்புகள் அந்தக் கணத்தில் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் ஒரு வரி எழுதிவைத்தீர்கள். மூன்று மாதத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது, பழைய கோப்புகளை அழித்த பிறகும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. விண்டோஸில் முந்தைய பதிப்புகளைத் திறந்தால் நேரம் தாறுமாறாகத் தெரிகிறது. எவ்வளவு இடைவெளியில் எடுப்பது சரி, பழையவற்றை எப்படித் தானாக நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடைவெளியைப் பற்றிய கேள்வியை நான் இரண்டாவதாகவே வைப்பேன். ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு ஒரே ஒரு கட்டளை போதும், அது ஓரிரு நொடியில் முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் எத்தனை நாள் வைத்திருப்பது, எந்த விதிப்படி நீக்குவது என்பதுதான் அட்டவணையின் கடினமான பாதி. உங்கள் கிரான் வரியில் அந்தப் பாதி இல்லவே இல்லை. நாளொன்றுக்கு 96 வீதம் 90 நாளில் 8,640 ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்திருக்கும், அவற்றில் ஒன்றுகூட நீங்கியிருக்காது.

முதலில் இடம் ஏன் திரும்பவில்லை என்பதைப் பார்ப்போம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி 2005-இல் ஓப்பன்சொலாரிஸ் வழியே வெளிவந்த இசட்எஃப்எஸ், பயன்பாட்டில் உள்ள ஒரு பிளாக்கின்மீது (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) ஒருபோதும் நேரடியாக எழுதுவதில்லை. ஒரு கோப்பை நீங்கள் மாற்றினால் மாறிய பகுதி புதிய இடத்தில் எழுதப்படும், பழைய பிளாக் விடுவிக்கப்படும். ஸ்னாப்ஷாட் என்பது அந்தப் பழைய பிளாக்குகளை விடுவிக்காமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு. அதனால்தான் எடுக்கும் கணத்தில் அதற்கு ஏறக்குறைய இடமே தேவைப்படுவதில்லை. அதன் பிறகு கோப்புகள் மாற மாற, அழிய அழிய, அது பிடித்துவைத்திருக்கும் அளவு வளர்ந்துகொண்டே போகிறது.

திங்கட்கிழமை ஒருவர் 40 ஜிபி ஸ்கேன் கோப்புகளை அழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவை இரண்டு மாதமாகச் சர்வரில் இருந்தவை என்றால், அந்த இரண்டு மாதத்தில் எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட ஸ்னாப்ஷாட்கள் ஒவ்வொன்றும் அதே பிளாக்குகளைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஸ்னாப்ஷாட்களைப் பட்டியலிட்டு, பயன்படுத்திய இடம் என்ற பத்தியைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே சில கேபி, சில எம்பி மட்டுமே தெரியும், 40 ஜிபி எங்கும் தென்படாது. அந்தப் பத்தி அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டுமே பிடித்துவைத்திருக்கும் அளவைத்தான் காட்டும். பலவும் சேர்ந்து பிடித்திருப்பது எதன் கணக்கிலும் வராது. டேட்டாசெட்டின் (இசட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகளோடு பிரித்துவைக்கும் கோப்புப் பகுதி) பண்புகளில் எல்லா ஸ்னாப்ஷாட்களும் சேர்ந்து அடைத்திருக்கும் இடம் என்று தனியே ஓர் எண் உண்டு, உண்மை அங்கேதான் தெரியும். இந்த இரு எண்களின் வேறுபாட்டை அறியாமல் "சின்னச் சின்ன ஸ்னாப்ஷாட்கள்தானே" என்று விட்டுவிடுவதே பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) நிரம்பிப்போவதற்கு மிகச் சாதாரணமான காரணம்.

ஆகவே இப்போதைய நெருக்கடியைத் தீர்க்க ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாக நீக்கிப் பார்ப்பதில் பயனில்லை. நீக்கும் கட்டளைக்குத் தொடக்கப் பெயர், விழுக்காட்டுக் குறி, இறுதிப் பெயர் என்று ஒரு வரிசையையே கொடுக்கலாம். அதனுடன் என், வி என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தால் எதையும் நீக்காமல், நீக்கினால் எவ்வளவு இடம் மீளும் என்று மட்டும் சொல்லும். மிகப் பழைய மாதத்திலிருந்து தொடங்கி, இந்த ஒத்திகை காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்து வரிசையை நீட்டுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். இடத்துக்காக அவசரத்தில் நீங்கள் அழித்த பழைய கோப்புகள் இப்போது ஸ்னாப்ஷாட்களில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அவற்றில் யாருக்காவது வேண்டியது ஏதேனும் இருந்தால், வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்த பிறகே நீக்கத் தொடங்குங்கள்.

இனி அட்டவணை. எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதை டிஸ்க்கின் அளவை வைத்து முடிவு செய்வதைவிட, உங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு எவ்வளவு தாமதமாகக் கண்ணில் படுகிறது என்பதை வைத்து முடிவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு விரிதாளின்மேல் வேறொன்றைச் சேமித்துவிட்ட தவறு அதே மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு கோப்புறையை இழுத்து வேறெங்கோ போட்டது மறுநாள் அதைத் தேடுபவருக்குத்தான் தெரியும். ஒரு வாடிக்கையாளரின் கணக்குக் கோப்பில் நடுவில் சில வரிகள் காணாமல் போனதை மாதக் கணக்கு முடிக்கும்போதோ, ஆண்டுத் தணிக்கையின்போதோதான் யாராவது கவனிப்பார்கள். இந்த மூன்று வகைத் தாமதத்துக்கும் மூன்று அடுக்கு வேண்டும்: மணிக்கு ஒன்று சில நாட்களுக்கு, நாளுக்கு ஒன்று ஒரு மாதத்துக்கு மேல், மாதத்துக்கு ஒன்று ஓராண்டுக்கு மேல்.

இந்த அடுக்குகளைக் கிரானில் கையால் எழுதலாம் என்றாலும், சானாய்ட் என்ற திறந்த மூலக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். உபுண்டுவின் தொகுப்புகளிலேயே அது கிடைக்கிறது. ஓர் உள்ளமைவுக் கோப்பில், எந்த டேட்டாசெட்டுக்கு மணி வாரியாக எத்தனை, நாள் வாரியாக எத்தனை, மாத வாரியாக எத்தனை என்று எண்களை மட்டும் எழுதினால் போதும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் ஒன்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதை இயக்கும், அது நேரம் வந்தவற்றை எடுத்து, காலம் கடந்தவற்றை நீக்கிவிடும். கிரானில் எழுதிய வரி, குறித்த நேரத்தில் இயந்திரம் அணைந்திருந்தால் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். சானாய்ட் கடைசியாக எடுத்ததன் வயதைப் பார்த்து முடிவு செய்வதால், மின்தடைக்குப் பிறகு சர்வர் எழுந்ததும் விட்டுப்போனதை எடுத்துவிடும். கிரானிலேயே தொடர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டின் பெயரில் தேதியைச் சேர்க்க விழுக்காட்டுக் குறியைப் பயன்படுத்துவோம். கிரான் அட்டவணையில் அந்தக் குறிக்குப் புதிய வரி என்று பொருள் என்பதால், அதன் முன்னே பின்சாய்வுக் கோடு இடாவிட்டால் கட்டளை பாதியில் அறுந்துவிடும். கையால் இயக்கினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் ஓடவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

சானாய்டுடன் வரும் உற்பத்திச் சூழலுக்கான மாதிரி வார்ப்புரு, மணி வாரியாக 36, நாள் வாரியாக 30, மாத வாரியாக 3 என்று வைத்திருக்கிறது. தொடக்கத்துக்கு அது நல்ல அளவுதான், ஆனால் அலுவலகத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 36 மணி நேரம் என்பது நேற்றைய வேலை நாளைக் காப்பாற்றும், வார இறுதியைக் கடக்காது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குச் செய்த தவறைத் திங்கள் காலை 9 மணிக்கு ஒருவர் கவனித்தால் இடையில் 63 மணி நேரம் போயிருக்கும். அப்போது வெள்ளிக்கு மிஞ்சியிருப்பது நாள் வாரி ஸ்னாப்ஷாட் ஒன்றுதான். மதியம் 3 மணி நிலையில் கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் தர முடியாது. நான் மணி வாரியாக 96 வைப்பேன், அதாவது நான்கு முழு நாட்கள். ஆள் இல்லாத இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்தவற்றுக்கு ஏறக்குறைய இடமே ஆகாது, ஏனென்றால் அந்நேரத்தில் எதுவும் மாறுவதில்லை.

நாள் வாரியாக 45 என்பேன். மாதக் கணக்கில் உள்ள பிழை அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில்தான் வெளிப்படும், 30 நாள் மட்டும் இருந்தால் முந்தைய மாதத் தொடக்கம் அதற்குள் கைநழுவியிருக்கும். மாத வாரியாக 13 என்பதற்கு, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டு முழுவதும் அடங்க வேண்டும் என்பதே காரணம். மாத ஸ்னாப்ஷாட்டைச் சானாய்ட் இயல்பாக ஒன்றாம் தேதி தொடக்கத்தில் எடுப்பதால், ஏப்ரல் 1 அன்று எடுப்பது மார்ச் முடிவின் நிலையை அப்படியே வைத்திருக்கும். மூன்று அடுக்கும் சேர்த்து 154 பெயர்கள். 8,640-உடன் ஒப்பிட்டால் பட்டியலிடுவதற்கும், வேறு இயந்திரத்துக்கு அனுப்புவதற்கும், முந்தைய பதிப்புகளைத் திறக்கும் ஊழியர் தேடுவதற்கும் இது எவ்வளவோ எளிது.

15 நிமிட இடைவெளி தேவையே இல்லையா என்றால், சில கோப்புறைகளுக்குத் தேவைப்படலாம். நாள் முழுவதும் ஒரே பெரிய வரைபடக் கோப்பில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மணி நேர உழைப்பு என்பது சிறிய இழப்பல்ல. அவர்களுடைய டேட்டாசெட்டுக்கு மட்டும் 15 நிமிட அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதை எட்டு மணி நேரத்துக்கு, அதாவது 32 என்ற எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் தொடக்கத்திலேயே கவனிக்காமல் விடும் ஒரு செய்தி வருகிறது. இசட்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் எடுப்பது டேட்டாசெட்டுக்குத்தானே தவிர, கோப்புறைக்கு அல்ல. எல்லாவற்றையும் ஒரே டேட்டாசெட்டில் கொட்டிவைத்திருந்தால் ஒரே அட்டவணைதான் சாத்தியம். பதிவிறக்கங்களும், ஸ்கேனர் இடைக்காலமாகப் போடும் கோப்புகளும், கணக்கு ஆவணங்களும் ஒரே ஆயுளைப் பெறும். நாள்தோறும் எழுதி அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புகள்தான் ஸ்னாப்ஷாட்களில் இடத்தை விழுங்குபவை. அவற்றைத் தனி டேட்டாசெட்டுக்கு மாற்றி, அதற்கு ஸ்னாப்ஷாட்டே வேண்டாம் என்று உள்ளமைவில் எழுதிவிடுங்கள். இரண்டு டேட்டாசெட்களுக்கு இடையே கோப்பை நகர்த்துவது உள்ளுக்குள் பிரதியெடுத்து அழிப்பதாகவே நடக்கும் என்பதால், பூல் நிரம்பியிருக்கும்போது இந்தப் பிரிப்பைத் தொடங்காதீர்கள். முதலில் இடத்தை மீட்டுக்கொண்டு பிறகு செய்யுங்கள். அப்படிப் பிரித்த பிறகு டேட்டாசெட்களுக்கு இட வரம்பு விதிப்பதானால், இசட்எஃப்எஸ்ஸில் இருவகை வரம்புகள் உண்டு. சாதாரண வரம்பு ஸ்னாப்ஷாட்களையும் கணக்கில் சேர்க்கும், மற்றது நடப்புக் கோப்புகளை மட்டுமே எண்ணும். பயனர்கள் கோப்பை அழித்தும் "இடம் இல்லை" என்ற செய்தியே வருகிறது என்று குழம்பாமலிருக்க, அவர்களுக்கு இரண்டாவது வகையே பொருந்தும்.

நேரக் குழப்பத்துக்கு வருகிறேன். உங்கள் கிரான் வரி இந்திய நேரத்தில் பெயர் வைக்கிறது. ஸ்னாப்ஷாட்களை விண்டோஸில் முந்தைய பதிப்புகளாகக் காட்டும் சாம்பாவின் ஷேடோ காப்பி 2 என்ற தொகுதி, வேறு சொல்லாவிட்டால், பெயரில் உள்ள நேரத்தைக் கிரீன்விச் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதை மீண்டும் இந்திய நேரத்துக்கு மாற்றும்போது 5 மணி 30 நிமிடம் கூடிவிடுகிறது. காலை 10 மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட் மாலை 3.30 என்று தெரியும், நண்பகலில் பார்ப்பவருக்கு அது இன்னும் வராத நேரம். சாம்பா உள்ளமைவில் உள்ளூர் நேரம் என்ற விருப்பத்தை இயக்கினால் இது சரியாகும். சானாய்டுக்கு மாறினால் அந்த விருப்பம் தேவைப்படாது. அதன் சேவைக் கோப்பே உலகப் பொது நேரத்தில் இயங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது, பெயர்களும் அந்நேரத்திலேயே அமையும். இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. நாள் வாரி ஸ்னாப்ஷாட்டின் இயல்பு நேரமான இரவு 23.59 என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 5.29, மாத வாரியானது ஒன்றாம் தேதி அதிகாலை 5.30. அலுவலகம் திறப்பதற்கு முன் என்பதால் அதனால் இடைஞ்சல் இல்லை, ஆனால் பெயரில் மார்ச் 31 என்று இருப்பதைப் பார்த்து யாரும் குழம்பாமலிருக்க இதைக் குறித்துவையுங்கள். சானாய்ட் தன் பெயர்களின் இறுதியில் மணி வாரி, நாள் வாரி என்று வகையையும் சேர்ப்பதால், சாம்பாவில் பெயர் வடிவத்தை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். இன்னொன்று, சானாய்ட் தான் எடுத்தவற்றை மட்டுமே நீக்கும். உங்கள் பழைய 8,640-ஐ அது தொடாது, அவற்றை நீங்களே நீக்கியாக வேண்டும். கிரான் வரியையும் மறவாமல் எடுத்துவிடுங்கள்.

அதே சர்வரில் தரவுத்தளம் ஓடுகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஓடினால், ஸ்னாப்ஷாட் தரும் நிலை திடீரென மின்சாரம் போன கணத்தின் நிலைக்குச் சமம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போன்றவை அப்படிப்பட்ட நிலையிலிருந்து மாற்றங்களைக் குறித்துவைக்கும் தங்கள் பதிவேட்டைக் கொண்டு மீண்டெழும்படி எழுதப்பட்டவை. ஆனால் தரவும் பதிவேடும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டேட்டாசெட்டில் இருந்தால், சானாய்டில் துணை டேட்டாசெட்களுக்கான விருப்பத்தில் வெறுமனே "ஆம்" என்று எழுதாமல் "இசட்எஃப்எஸ்" என்ற மதிப்பைக் கொடுங்கள். அப்போதுதான் எல்லாவற்றையும் ஒரே கணத்தில், பிரிக்க முடியாத ஒரே செயலாக எடுக்கும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐஎஸ்ஏஎம் வகை அட்டவணைகளுக்கு இந்த மீளும் திறன் இல்லை, அவற்றைப் பூட்டிவிட்டே எடுக்க வேண்டும்.

நீக்கும் விதி காலத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம் குறைந்ததும் பழையதிலிருந்து நீக்கிக்கொண்டு வரும் ஏற்பாடு, விண்டோஸ் சர்வரின் ஷேடோ காப்பி உட்படப் பலவற்றில் இருக்கிறது. பார்க்க வசதியாகவும் தோன்றும். ஆனால் ஓர் ஊழியரின் கணினியில் புகுந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), பகிர்வில் உள்ள 2 டிபி கோப்புகளையும் குறியாக்கம் செய்து திரும்ப எழுதினால் என்ன ஆகும்? பழைய உள்ளடக்கம் ஸ்னாப்ஷாட்டில் இருக்க, புதிதாக இன்னொரு 2 டிபி எழுதப்படுகிறது. இடம் போதாமல் ஏற்பாடு பழைய ஸ்னாப்ஷாட்களை, அதாவது நல்ல பிரதிகளைத்தான், முதலில் வெளியேற்றும். கால அடிப்படையிலான விதியில் பூல் நிரம்பி எழுதுவது நின்றுபோகும், அலுவலகம் சில மணி நேரம் முடங்கும், ஆனால் முந்தைய நாளின் கோப்புகள் அப்படியே இருக்கும். இந்த இரண்டில் எது வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சாம்பா வழியாக வருபவரால் ஸ்னாப்ஷாட்டைப் படிக்க மட்டுமே முடியும், மாற்றவோ நீக்கவோ முடியாது. சர்வரின் ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) பறிபோனால் மட்டும் இந்தப் பாதுகாப்பு நிற்காது.

ரூட் உரிமை பறிபோவது, டிஸ்க்குகள் ஒன்றாகப் பழுதாவது, சர்வரே களவு போவது ஆகிய எதற்கும் ஸ்னாப்ஷாட் மருந்தல்ல, ஏனென்றால் அது அதே பூலில் இருக்கிறது. இன்னொரு இடத்தில் இசட்எஃப்எஸ் உள்ள மற்றோர் இயந்திரம் இருந்தால், சானாய்டுடன் வரும் சின்காய்ட் கருவி ஸ்னாப்ஷாட்களுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டும் அங்கே அனுப்பும். அலுவலகச் சர்வர் அங்கே தள்ளுவதைவிட அந்த இயந்திரம் இங்கே வந்து இழுத்துக்கொள்வதே மேல். அப்போது இங்கே உடைத்து நுழைந்தவரிடம் அங்கே நுழையும் சாவி இருக்காது. அந்த இயந்திரத்தில் தானாக எடுப்பதை நிறுத்தி, நீக்குவதை மட்டும் இயக்கி, இங்கிருப்பதைவிட நீண்ட ஆயுளைக் கொடுங்கள். வேறுபாடு மட்டும் அனுப்புவதற்கு இரு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தாக வேண்டும். இணைப்பு ஒரு வாரம் அறுந்து, அதற்குள் இங்கே பொதுவானவை எல்லாம் நீங்கிவிட்டால் எல்லாத் தரவையும் தொடக்கத்திலிருந்து அனுப்ப நேரும். நாள் வாரியாக 45 இருப்பது இதற்கும் பாதுகாப்பு.

மீட்பதைப் பொறுத்தவரை, முந்தைய நிலைக்கு டேட்டாசெட்டையே திருப்பும் கட்டளையை ஒரு கோப்புக்காகப் பயன்படுத்தாதீர்கள். அது அந்த நிலைக்குப் பிந்தைய எல்லா மாற்றங்களையும், பிந்தைய ஸ்னாப்ஷாட்களையும் அழித்துவிட்டே திரும்பும். இருபது பேரின் அன்றைய வேலை அதோடு போகும். ஒவ்வொரு டேட்டாசெட்டின் மேல்நிலையிலும் புள்ளியில் தொடங்கும் மறைவான இசட்எஃப்எஸ் கோப்புறை ஒன்று உண்டு. அதனுள் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் சாதாரணக் கோப்புறையாகத் தெரியும், வேண்டிய கோப்பை அங்கிருந்து பிரதியெடுத்தால் போதும். ஊழியர்களுக்கு விண்டோஸின் முந்தைய பதிப்புகள் தாவலைக் காட்டிக்கொடுத்துவிட்டால் பெரும்பாலான மீட்புகளை அவர்களே செய்துகொள்வார்கள்.

கடைசியாக, டைமர் ஒரு நாள் ஓசையின்றி நின்றுவிடக்கூடும், ஒரு புதிய டேட்டாசெட் உள்ளமைவில் சேர்க்கப்படாமலே போகக்கூடும். சானாய்டில் இதற்கென்றே கண்காணிப்பு விருப்பம் இருக்கிறது. இயல்பு அமைப்பில், மணி வாரியானவற்றில் புதியது 90 நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, 6 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து. நாள் வாரியானதற்கு 28 மணி, 32 மணி என்று அளவுகள். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருந்தால் நேரடியாக இணைத்துவிடலாம், இல்லாவிட்டால் அதன் விடையை நாள்தோறும் மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு சிறு நிரல் போதும். பூலின் நிரம்பல் 80 விழுக்காட்டைத் தொட்டால் உங்களுக்குத் தெரியும்படி அதே நிரலில் சேர்த்துவிடுங்கள். அந்த அளவில் தெரிந்தால் ஒத்திகை பார்த்து, யோசித்து நீக்குவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கும்.